"தூக்கிடலாம் சார்" என்றால் அந்த வண்டி வேண்டாம்

"அதுக்கென்ன சார், தூக்கி உட்கார வெச்சிடலாம்!"

வீல்சேரில் இருப்பவருக்காக வெளியூர் வண்டி கேட்டு எந்த டிராவல்ஸுக்குப் போன் போட்டாலும் பெரும்பாலும் முதலில் வருகிற பதில் இதுதான். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். டிரைவர் ஒரு கை பிடிப்பார், வேண்டுமானால் கூட ஒரு பையனையும் அனுப்புகிறோம் என்பார்கள். இந்தப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் அக்காவுக்குக் கழுத்துக்குச் சற்றுக் கீழே தண்டுவடத்தில் அடி. கைகள் வேலை செய்யும், விரல்களில் பிடிமானம் குறைவு. நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. பேட்டரி வீல்சேரில்தான் நாள் முழுக்க. அதில் உட்கார்ந்துதான் நாலு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறாள், சமையலுக்குச் சாமான் வாங்க மூலைக்கடைக்குப் போகிறாள், என்னை அதட்டுகிறாள். தென்காசியில் சித்தப்பா மகள் கல்யாணம் என்று பத்திரிகை வந்ததும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "நான் வர்றேன்டா. ஆனா என் சேர்லயே உட்கார்ந்துதான் வருவேன். வண்டியைத் தேடு."

குரோம்பேட்டையிலிருந்து தென்காசி ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். ரயிலை யோசிக்காமல் இல்லை. எழும்பூரில் ஏறினால் பொதிகை நேரே தென்காசியில் இறக்கிவிடும். ஆனால் நம் ரயில் பெட்டிகளுக்கு இன்னும் படிதான். பெட்டியின் தரை பிளாட்பாரத்தைவிட உயரம், கதவோ குறுகல். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ரயிலின் கடைசியில் இருக்கிறது, அதில் ஏறுவதற்கும் நாலு பேர் சேர்ந்து சேரைத் தூக்க வேண்டும். அக்காவின் சேர் மட்டுமே தொண்ணூறு கிலோ. விமானம் என்றால் மதுரை அல்லது தூத்துக்குடி வரைக்கும்தான், அங்கிருந்து திரும்பவும் வண்டி தேட வேண்டும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து மண்டப வாசல் வரை ஒரே வண்டி என்று முடிவானது.

தூக்குவதில் என்ன தப்பு என்று உறவுக்காரர்களே கேட்டார்கள். "நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?" என்றார் பெரியப்பா. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உணர்வில்லாத உடம்பைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவலாம். சீட்டில் இழுத்து உட்கார வைக்கும்போது தோல் உரசும், உரசியது அவளுக்குத் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாக எழும். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களை மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வைப்பது அந்தப் புண்தான். கார் சீட் அவள் உடம்புக்கென்று செய்ததல்ல, சேரில் இருக்கிற மெத்தையும் பக்கத் தாங்கலும் அவள் உடம்புக்கென்றே அளவெடுத்துப் பொருத்தியவை. இதெல்லாம் போக, முன்பின் தெரியாத ஆண்கள் நாலு பேர் நடுரோட்டில் தன்னைத் தூக்குவதை எந்தப் பெண் விரும்புவாள்? ஒருமுறை தூக்கி உட்கார வைத்துவிட்டால் அப்புறம் டீக்கடையில் இறங்குவதற்கும் தூக்க வேண்டும், பாத்ரூமுக்கும் தூக்க வேண்டும். அடுத்தவருக்கு ஏன் சிரமம் என்று அவள் இறங்கமாட்டாள். இறங்க வேண்டியிருக்கக் கூடாது என்று தண்ணீர் குடிக்கமாட்டாள். வீல்சேரில் இருக்கும் எத்தனையோ பேர் பயணத்துக்கு முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்து வந்த யோசனை ஆம்புலன்ஸ். தனியார் ஆம்புலன்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி போகலாம். சிலருக்கு அதுதான் சரி, நோயாளிக்கு அதுதான் சரி. ஆனால் பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் போகிறவள் நோயாளி இல்லை. ஊர் எல்லையில் ஆம்புலன்ஸ் நுழைந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று தெருவே ஓடிவரும். அக்கா அதைப் பேசவே விடவில்லை.

சரி, என்னதான் கேட்பது? இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். "வீல்சேர் வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் அப்படிச் சொல்லி, போட்டோ அனுப்பச் சொன்னபோது வந்தது, மடக்கின வீல்சேரைக் கட்டிவைக்கக் கூரையில் கேரியர் உள்ள ஒரு சாதாரண வேன். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வீல்சேர் என்றால் மடக்குவது, ஆள் என்றால் தூக்குவது, அவ்வளவுதான் அவர்கள் பார்த்திருப்பது. எனவே வசதியைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள்.

அதற்கு முதலில் உங்கள் அளவு உங்களிடம் இருக்க வேண்டும். ஆள் சேரில் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை டேப் வையுங்கள். அக்காவுக்கு அது நாலடி ஐந்து அங்குலம். சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அகலம் இருபத்தைந்து அங்குலம். கால்பலகை நுனியிலிருந்து பின்சக்கரம் வரை நீளம் நாற்பத்து நாலு அங்குலம். ஆளும் சேரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ. இந்த நான்கு எண்களையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி வைத்துக்கொண்டு, கேட்கிற ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். பதிலுக்கு மூன்று எண்கள் கேட்டேன்: ஏறுகிற கதவின் உயரம், உள்ளே கூரையின் உயரம், ரோட்டிலிருந்து வண்டித் தரையின் உயரம். உண்மையிலேயே இந்த வேலை செய்கிறவர்கள் உடனே பதில் போடுவார்கள். மற்றவர்கள் "வாங்க சார் பார்த்துக்கலாம்" என்பார்கள். தேர்வு அதிலேயே முடிந்துவிடுகிறது.

வண்டித் தரையின் உயரம் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டடங்களில் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். வேனின் தரை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் இந்தக் கணக்குப்படி பதினெட்டு அடிப் பலகை வேண்டும், எந்த வேனிலும் அது அடங்காது. அதனால் வண்டிகளில் ஆறு, ஏழு அடி ராம்ப் போட்டு, பின்னால் ஒரு ஆள் நின்று தாங்கிக்கொள்கிறார்கள். அது செங்குத்தாகத்தான் இருக்கும். தரை அதற்கு மேலும் உயரமாக உள்ள டெம்போ டிராவலர் மாதிரி வண்டிகளுக்கு ராம்ப் உதவாது, ஹைட்ராலிக் லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் என்றால் எத்தனை கிலோ தாங்கும், நடுவழியில் மின்சாரம் போய்விட்டால் கையால் இறக்க முடியுமா என்று இரண்டையும் கேளுங்கள். கொஞ்சம் எழுந்து நிற்க முடிந்தவர்களுக்குத் திரும்புகிற சீட் ஒன்று வருகிறது. கதவைத் திறந்ததும் சீட்டே வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும், உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். முழங்கால் போன வயதானவர்களுக்கு அது நல்ல தீர்வு. அக்கா மாதிரி இருப்பவர்களுக்குப் பயன்படாது.

கடைசியில் கிடைத்தது கூரை உயர்த்தின ஒரு வேன், பின்கதவு, மடக்கும் அலுமினிய ராம்ப். வெளியூர் வண்டி. அங்கிருந்து காலியாக வந்து, திரும்பக் காலியாகப் போகிற கிலோமீட்டருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். மற்றபடி டிரைவர் பேட்டா, டோல், இரவுத் தங்கல் எல்லாம் வழக்கம்போல. செலவு கூடத்தான் ஆனது. அந்தக் கூடுதலுக்குக் காரணம் அக்காவின் உடம்பு கிடையாது, இந்த மாதிரி வண்டிகள் நம் ஊர்களில் இல்லாததுதான். மஞ்சள் போர்டா என்று பார்த்துக்கொண்டேன். செய்திருக்கிற மாற்றம் ஆர்.சி. புக்கில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்தேன். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

கிளம்புவதற்கு முந்தின மாலையே வண்டியை வரவழைத்து ஏற்றிப் பாருங்கள். ஒரு நாள் வாடகை கூடப் போனாலும் பரவாயில்லை. எங்கள் தெருவில் ஏற்றிப் பார்த்தபோது ராம்ப் தொடங்கும் இடத்திலேயே கால்பலகை இடித்து நின்றுவிட்டது. சமதளத்திலிருந்து சட்டென்று மேலேறும் முனையில், முன்சக்கரம் பலகையைத் தொடும் முன்பே கால்பலகை தொட்டுவிடுகிறது. அக்காவின் கட்டைவிரல் அலுமினியத்தில் அழுந்தியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்ததால் தெரிந்தது. டிரைவர் தம்பி ஒரு வினாடி யோசித்துவிட்டு வண்டியைத் தெருமேட்டுப் பக்கமாகத் திருப்பி, பின்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தினார். ராம்பின் சரிவு குறைந்து, கால்பலகை இரண்டு விரற்கடை மேலே தூக்கினாற்போல ஏறியது. அன்றிலிருந்து எந்த ஊரில் நிறுத்தினாலும் அவர் முதலில் மேட்டைத்தான் தேடினார். இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக, அவள் முகம் வண்டியைப் பார்த்தபடி. முன்பக்கமாக இறக்கினால் இடுப்பில் பிடிமானம் இல்லாதவர்கள் அப்படியே குப்புறச் சரிந்துவிடுவார்கள்.

உள்ளே ஏறியதும் டிரைவர் சேரின் பிரேக்கைப் போட்டுவிட்டு, "ரெடி சார்" என்றார். இது ரொம்ப ஆபத்தான நம்பிக்கை. வீல்சேர் பிரேக் சக்கரம் உருளாமல் இருக்கத்தான், எண்பதில் போகும் வண்டி சடன் பிரேக் அடித்தால் நூற்றைம்பது கிலோவைப் பிடித்து நிறுத்த அதனால் ஆகாது. சேரின் நாலு மூலையிலும் பெல்ட் போட்டு வண்டித் தரையோடு கட்ட வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கொக்கி மாட்டுவது சேரின் இரும்புச் சட்டத்தில், கைப்பிடியிலோ சக்கரத்திலோ கால்பலகையிலோ கூடாது, அவை கழன்றுவரும். சேர் வண்டி போகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இடம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் நிறுத்தவே கூடாது. இதெல்லாம் சேருக்கு. ஆளுக்குத் தனியாக இடுப்புக்கும் தோளுக்கும் சீட் பெல்ட் வேண்டும், சேரிலேயே இருக்கிற மெல்லிய பெல்ட் நிமிர்ந்து உட்காரத்தானே தவிர விபத்துக்கு உதவாது. இதற்கென்று சர்வதேசத் தரமே இருக்கிறது, கட்டும் பெல்ட்டுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 10542, வண்டியில் சீட்டாகப் பயன்படுத்தும் வீல்சேருக்கு ஐ.எஸ்.ஓ. 7176-19. போனில் இந்த எண்களைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. ஆனால் "நாலு பாயின்ட் பெல்ட் இருக்கா, ஆளுக்குத் தனி பெல்ட் இருக்கா" என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும்.

பெல்ட் போட்டபிறகு இன்னொன்று பார்க்க வேண்டும், யாரும் எழுதாத விஷயம் இது. இடுப்பு பெல்ட் சிறுநீர்க் குழாயை அழுத்தியிருக்கக் கூடாது. குழாய் மடங்கினால் வெளியே மாட்டியிருக்கும் பை நிறையாது, உள்ளே சிறுநீர்ப்பை நிறையும். நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்போது ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். அது அவசரம். டிரைவரிடம் கிளம்பும் முன்பே சொல்லி வைத்தோம்: "அக்கா நிறுத்துன்னா டோல்கேட், ஹோட்டல்னு பார்க்காதீங்க, ஓரங்கட்டிடுங்க." அதே போல ஏ.சி.யும் முக்கியம். இவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. மே மாதத்துப் பகலில் ஏ.சி. நின்றுபோனால் மற்றவர்களுக்குப் புழுக்கம், அக்காவுக்குக் காய்ச்சல். தண்ணீர் தெளிக்கும் ஒரு சின்ன பாட்டிலும் இரண்டு துண்டும் கையோடு இருந்தன.

வேனில் உட்கார்ந்து வரும் இடமும் பார்க்க வேண்டிய ஒன்று. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் சேர் நின்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆள் எகிறுவார். முடிந்தவரை முன்னுக்குத் தள்ளி, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்ததில் அக்காவுக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு சீட் கிடைத்தது. பேசிக்கொண்டே போனோம். அரைமணிக்கு ஒருமுறை அவளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து எடையை மாற்றினேன், நிறுத்தின இடத்தில் சேரை முழுக்கச் சாய்த்துக்கொண்டாள்.

பரனூர் டோல் தாண்டினதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா காபி குடிப்பாங்களா சார்?" என்றார். பின்னாலிருந்து அவளே பதில் சொன்னாள்: "தம்பி, என்கிட்டயே கேளுங்க. குடிப்பேன், சர்க்கரை கம்மியா." அதோடு சரி. தென்காசி போய்ச் சேரும்வரை அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, எல்லாம் அக்காவிடம்தான். திண்டிவனம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் இளையராஜாவா ரஹ்மானா என்று சண்டையே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாத்ரூம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சக்கர நாற்காலி படம் ஒட்டின கழிப்பறைகள் உண்டு. பூட்டியிருக்கும், அல்லது உள்ளே பக்கெட்டும் துடைப்பமும் அடுக்கியிருக்கும், அல்லது வாசலில் ஒரு படி இருக்கும். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. தனி வண்டியின் பெரிய வசதி ஜன்னல் திரைதான். நிழலில் நிறுத்தி, திரையை இழுத்து, ஆண்கள் இறங்கிக்கொண்டால் போதும். அம்மா கூட இருந்தார், பையைக் காலி செய்வது, துடைப்பது எல்லாம் உள்ளேயே ஆனது. திரை இல்லாத வண்டி என்றால் இரண்டு போர்வையும் கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் போகாமல் திருச்சியில் இரவு தங்கினோம். லாட்ஜுக்கும் அதே விதிதான், வசதியைக் கேட்காமல் அளவைக் கேட்பது. பாத்ரூம் கதவின் குறுக்கே டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த பெண் அதற்குள் வாசல் படியையும் தனியாகப் படமெடுத்து அனுப்பி, "இது ஓகேவா அண்ணா?" என்று கேட்டார். வண்டியின் ராம்ப் கழற்றி எடுக்கக்கூடியதாக இருந்ததால் அந்தப் படியும் சரியானது, மறுநாள் மண்டபத்தின் மூன்று படிகளும் சரியாயின. வண்டியோடு பற்றவைத்த ராம்பைவிடக் கழற்றும் ராம்ப் நல்லது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மண்டபத்தில் அக்கா தன் சேரில் தானே உள்ளே போனாள். யாரும் தூக்கவில்லை. பெண்ணழைப்பில் முன்வரிசையில் இருந்தாள். பந்தியில் மேஜை உயரம் சரியாக இருந்தது, உட்காரும் நாற்காலி ஒன்றை மட்டும் எடுத்தார்கள். பெரியப்பா என் பக்கத்தில் வந்து, "நீ சொன்னது சரிதான்பா" என்றார்.

மறுநாள் அவள் கேட்டுக்கொண்டபடி ஆய்க்குடிக்குப் போனோம். தென்காசியிலிருந்து பக்கம்தான். அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த உடம்போடு ஒரு கிராமத்தில் பள்ளியும் மறுவாழ்வு மையமும் எழுப்பினார். 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவருடன் சேர்ந்து அதை வளர்த்த சங்கர ராமனும் சக்கர நாற்காலிக்காரர், ஆடிட்டர். வளாகத்தில் எங்கு திரும்பினாலும் சாய்தளம். அக்கா என்னைப் பின்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சுற்றினாள். அவள் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்தபோது அதே மாதிரி சுற்றியது எனக்கு நினைவிருக்கிறது. அங்குள்ள மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் அந்த மையத்தைத் திறந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்து காட்டிய மாநிலத்தில்தான், அவர்களைப் போன்ற ஒருவரைச் சென்னையிலிருந்து கூட்டிவர ஒரு வண்டிக்கு இத்தனை அலைச்சல் என்பது எனக்குத் தாங்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, இவர்கள் சொந்தமாக நடமாடுவதற்கு ஊக்கத்தொகை, சலுகை, வாகனங்களை மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கு அரசு திட்டம் போட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டியாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சென்னைக்குள் மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடுகிறவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனதால் தாழ்தள பஸ்களும் ஓடுகின்றன. ஊர் விட்டு ஊர் போக வாடகை வண்டி என்று வந்தால்தான் எல்லாம் அவரவர் பாடாக இருக்கிறது. மினி பஸ் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது, லிஃப்ட் வைத்த ஒரு வேன் வாங்குபவருக்கு வரியிலும் வட்டியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மாவட்டத்துக்கு இரண்டு வண்டியாவது ஓடும்.

அதுவரை, மதுரை, திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் டிராவல்ஸ் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருக்கும் வேன்களில் ஒன்றே ஒன்றை முறைப்படி மாற்றி, ஆர்.சி.யில் பதிந்து, நாலு பாயின்ட் பெல்ட்டும் கழற்றும் ராம்பும் போட்டு வையுங்கள். விளம்பரத்தில் "வீல்சேர் வசதி உண்டு" என்று எழுத வேண்டாம். கதவு உயரம், கூரை உயரம், தரை உயரம் மூன்றையும் போடுங்கள். கேட்டு வருவதற்கு நாங்கள் இருக்கிறோம், அடுத்த வருடம் சித்தப்பாவின் இரண்டாவது மகள் கல்யாணமும் இருக்கிறது.